பாண் இறங்கும் நேரத்தில் மட்டும் வரிசை ஏன் வீதிவரை வருகிறது?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் வெதுப்பகம் நடத்துகிறீர்கள். பின்னேரம் 4 மணியிலிருந்து 7 மணிவரை சுமார் 150 பேர் வருகிறார்கள், அதாவது மணிக்கு 50 பேர். காசு மேசையில் ஒருவருக்கு ஒரு நிமிடம் போகிறது, ஆகவே மணிக்கு 60 பேரை அனுப்பலாம். அப்படியிருந்தும் வரிசை வீதிவரை நிற்கிறது, இன்னோர் ஆளைச் சம்பளத்துக்கு எடுக்கவேண்டுமா என்கிறீர்கள். அடுத்தது, நாளுக்கு 200 பாண் போடுகிறீர்கள், சில நாள் மிஞ்சுகிறது, சில நாள் 6 மணிக்கே முடிந்துவிடுகிறது, எத்தனை போடுவது? கடைசியாக, கோதுமை மா எத்தனை மூட்டை கையிருப்பில் வைத்திருப்பது? நான் தென்னிலங்கையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பகுதியில் 11 வருடம் இருந்துவிட்டு, இப்போது ஊரில் சிறிய கடைகளுக்கு இந்த மாதிரிக் கணக்குகள் பார்த்துக் கொடுக்கிறேன். பாண் சுடத் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் வரிசை. 60 பேரை அனுப்பக்கூடிய இடத்துக்கு 50 பேர்தானே வருகிறார்கள் என்று நீங்கள் நினைப்பதில் பிழை ஒன்றும் இல்லை, 72 செக்கனுக்கு ஒருவர் என்று மணிக்கூட்டைப் பார்த்து வந்தால். அப்படி யாரும் வருவதில்லை. இரண்டு நிமிடம் கடை வெறுமையாக இருக்கும், அடுத்த நிமிடம் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். வெறுமையாக இருந்த இரண்டு நிமிடத்தைச் சேமித்து வைத்து அந்த நாலு பேருக்குக் கொடுக்க முடியாது. வரிசை பிறப்பது இங்கேதான். கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த எர்லாங் என்ற டென்மார்க் கணிதக்காரர் 1909இலேயே இதை எழுதத் தொடங்கிவிட்டார். அவருக்கு வந்த சிக்கல் தொலைபேசி அழைப்புகள், உங்களுக்குப் பாண்.

ஆட்கள் தற்செயலாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் பிடிக்கும் நேரமும் தற்செயலாகக் கூடிக் குறைகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மணிக்கு 30 பேர் வரும்போது ஒருவர் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் 1 நிமிடம். 40 பேர் வந்தால் 2 நிமிடம். உங்கள் 50 பேருக்கு 5 நிமிடம். 54 பேருக்கு 9 நிமிடம், 57 பேருக்கு 19 நிமிடம். கடைசி இரண்டு எண்களையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று பேர்தான் கூடியிருக்கிறார்கள், காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. நான் இருந்த தொழிற்சாலையில் ஒரு மேலாளர் ஒவ்வொரு இயந்திரமும் நூற்றுக்கு நூறு ஓடவேண்டும் என்று நிற்பார். அவர் சொன்னபடி ஓடவிட்ட கிழமைகளில்தான் தைத்தும் தைக்காததுமான துணி தரையெங்கும் குவிந்து கிடந்தது. சும்மா இருக்கும் நேரம் வீண் நேரம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. காசு மேசையில் கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம் இல்லாவிட்டால் சனம் வெயிலில் நிற்கும்.

சரி, ஆனால் இந்தக் கணக்கின்படி உங்கள் கடையில் சராசரியாக நாலைந்து பேர்தான் காத்து நிற்கவேண்டும். நீங்கள் சொல்வதோ வீதிவரை வரிசை. ஆகவே இந்தச் சூத்திரம் உங்கள் கடைக்கு முழுதாகப் பொருந்தவில்லை. மணிக்கு 50 என்ற சராசரியே உங்களை ஏமாற்றுகிறது என்பது என் ஊகம். பாண் போறணையிலிருந்து எத்தனை மணிக்கு இறங்குகிறது? 5 மணி என்று நினைக்கிறேன், பெரும்பாலான இடங்களில் அந்த நேரம்தான். சூட்டுப் பாண் 5 மணிக்கு என்று அயலில் எல்லாருக்கும் தெரியும். ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் என்று எல்லாரும் அந்த நேரத்துக்கே வருவார்கள். 150 பேரில் 60 பேர் 5 மணிக்கும் 5.30க்கும் இடையில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை மணியில் உங்கள் ஆள் 30 பேரைத்தான் அனுப்பியிருப்பார். 5.30க்கு மற்ற 30 பேரும் வரிசையில் நிற்கிறார்கள், கடைசியில் நிற்பவர் அரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். மிச்சம் 90 பேரும் மற்ற இரண்டரை மணி நேரத்தில் பரந்து வருகிறார்கள் என்றாலும், அந்த வரிசை கரைய 6.45 ஆகும். இதற்கு எர்லாங் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். நாள் முழுவதற்கும் போதுமான ஆள் இருந்தும் வரிசை நிற்பது இப்படித்தான்.

அப்படியென்றால் வரிசையை உண்டாக்குவது காசு மேசை இல்லை, உங்கள் போறணையின் நேரசூசி. 200 பாணையும் ஒரே தடவையில் இறக்குகிறீர்கள், சனமும் ஒரே தடவையில் வருகிறது. 4.15க்கு ஒரு பகுதி, 5.15க்கு ஒரு பகுதி என்று இரண்டாகப் பிரித்து இறக்கினால் கூட்டமும் இரண்டாகப் பிரியும். சொல்வது சுலபம். முன்பு ஒரு வெதுப்பகத்தில் இதே யோசனையைச் சொன்னேன். அங்கே விறகுப் போறணை. போறணைக்கு முன்னால் நின்ற ஐயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் கடதாசியிலை இரண்டாப் பிரிச்சா போறணைச் சூடும் இரண்டாப் பிரியுமோ?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. விறகுப் போறணையில் கல்லில் ஏறிய சூடு இறங்கிக்கொண்டே போகும். முதல் சூட்டில் பாண், பிறகு பணிஸ், கடைசி இளஞ்சூட்டில் கேக்கும் றஸ்க்கும் என்று அந்தச் சூட்டுக்கு ஏற்பவே வேலை ஒழுங்காகியிருக்கிறது. உங்களிடம் இருப்பது மின்சாரப் போறணையோ காஸ் போறணையோ என்றால் பிரிப்பது சாத்தியம். விறகு என்றால் உங்கள் போறணைக்காரரிடம் கேளுங்கள், அவர் சொல்வதே முடிவு.

போறணையைத் தொட முடியாவிட்டால், இன்னோர் ஆளை எடுக்க முன்னர் அந்த ஒரு நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாணை எடுத்துச் சுற்றிக் கொடுப்பது, வேறு என்ன வேண்டும் என்று கேட்பது, காசு வாங்கிச் சில்லறை தேடுவது, எல்லாம் ஒரே ஆளின் தலையில். அந்த அரை மணிக்கு மட்டும் வேலையை இரண்டாக உடையுங்கள். ஒருவர் பாணும் பணிசும் எடுத்துச் சுற்றுகிறார், மற்றவர் காசு மட்டும். நீண்ட பகுதி 35 செக்கன் என்றால் வரிசை 35 செக்கனுக்கு ஒரு அடி நகரும். அரை மணியில் 51 பேர் போய்விடுவார்கள். 5.30க்கு நிற்பது 30 பேர் இல்லை, 9 பேர். கடைசி ஆளின் காத்திருப்பு அரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு வந்துவிடும். பாண் இறக்கி முடித்தவுடன் பின்பக்கத்து ஆட்களில் ஒருவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அவரையே சுற்றிக் கொடுக்க நிறுத்தலாம். காசைத் தொட்ட கை பாணைத் தொடாமலும் இருக்கும். அந்த நேரத்தில் கேக் ஓடர் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். ஒரு பிறந்தநாள் கேக்கில் என்ன பெயர் எழுதுவது என்று ஒருவர் போனில் மனைவியிடம் கேட்டுக்கொண்டு நிற்கும் நாலு நிமிடத்தில் வரிசைக்கு என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எல்லாருக்கும் சரியாக ஒரு நிமிடம்தான் எடுக்கிறது என்று ஆனால், மேலே சொன்ன 5 நிமிடக் காத்திருப்பு இரண்டரை நிமிடம் ஆகிவிடும். ஆளின் வேகம் கூடவே இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும்தான் போயிருக்கிறது.

இன்னொன்று. நாளைக்கு நீங்கள் பெரிதாகி இரண்டு மேசை போட்டால், ஆளுக்கொரு வரிசை வைப்பதா, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை வைப்பதா என்ற கேள்வி வரும். மணிக்கு 100 பேர், இரண்டு மேசை என்று எடுத்தால் தனித்தனி வரிசையில் சராசரி 5 நிமிடம், ஒரே வரிசையில் 2 நிமிடமும் கொஞ்சமும். பெரிய வங்கிகளில் கயிறு கட்டி ஒரே வரிசையாக விடுவது இதற்குத்தான். ஆனால் இதை நான் ஒரு மருந்துக்கடையில் செய்யச் சொல்லி மூக்குடைபட்டேன். கடை அகலம் இல்லாதது. ஒரே வரிசை வாசலைத் தாண்டிச் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்குப் போனது. நீளத்தைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் இறங்காமலே போனார்கள், வயதானவர்கள் ஏசினார்கள். மூன்றாம் நாள் பழையபடி மாற்றினோம். காத்திருப்பு உண்மையில் குறைந்துதான் இருந்தது, ஆனால் கண்ணுக்கு நீளமாகத் தெரிந்தது. அந்த நீளத்தைச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை.

நான் சொன்ன எண்களில் ஊகம் இருக்கிறது, ஆனால் ஒரு விதியில் ஊகமே இல்லை. 1961இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிறுவியது. வரிசையில் சராசரியாக நிற்கும் ஆட்களின் தொகையை, மணிக்கு வருகிறவர்களின் தொகையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வந்துவிடும். ஆட்கள் எப்படி வருகிறார்கள், மேசையில் இருப்பவர் வேகமானவரா சோம்பேறியா என்பதெல்லாம் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு துண்டில் எழுதுங்கள். சராசரி 12 பேர், மணிக்கு 50 பேர் வருகிறார்கள் என்றால், 12ஐ 50ஆல் வகுக்க மணியில் 0.24 பங்கு, அதாவது 14 நிமிடத்துக்குச் சற்று மேலே. மணிக்கூட்டோடு ஒவ்வொருவர் பின்னாலும் போய் நிற்கத் தேவையில்லை. நீங்கள் எதையாவது மாற்றினால் உண்மையிலேயே குறைந்ததா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்வி, எத்தனை பாண். மிஞ்சாமலும் முடியாமலும் போட ஏலாது, அதை முதலில் விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் பிழைத்தால் நட்டம் குறைவு என்றுதான் கேட்கலாம். உங்கள் விலைகளைச் சொல்லவில்லை, ஆகவே கணக்குக்காக ஒரு பாண் 150 ரூபா என்றும், மா, ஈஸ்ட், சீனி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து 100 ரூபா என்றும் வைக்கிறேன். ஆளின் சம்பளமும் விறகும் சேர்க்கவில்லை, பத்துப் பாண் கூடப் போட்டாலும் குறையப் போட்டாலும் அவை மாறாது. மிஞ்சிய பாணை றஸ்க் ஆக்கி 25 ரூபா பெறுகிறீர்கள் என்று வைப்போம். ஒருவர் வந்து பாண் இல்லை என்று போனால் இழப்பது 50 ரூபா. ஒன்று மிஞ்சினால் இழப்பது 75 ரூபா. 50ஐ, இரண்டின் கூட்டான 125ஆல் வகுத்தால் 0.4. இதன் பொருள், பத்து நாளில் நாலு நாள் எல்லாருக்கும் போதுமாகவும், ஆறு நாள் கொஞ்சம் முந்தியே முடியும்படியும் போடுவதுதான் இலாபம். நம்ப மாட்டீர்கள். நான் இதைச் சொன்ன முதலாளிமார் ஒருவரும் முதலில் நம்பியதில்லை. பாண் முடிந்தால் அவர்களுக்கு அது மானப்பிரச்சினை.

ஆனால் அவர்களுடைய மனக்குறையிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைக் கணக்குக்குள் கொண்டுவரலாம். பாணுக்கு வந்தவர் பாண் இருந்தால் கூடவே நாலு பணிசும் ஒரு மாஜரீனும் வாங்குவார், அதில் உங்களுக்கு இன்னும் 40 ரூபா இலாபம் என்றால், அவர் திரும்பிப் போவதில் நட்டம் 50 இல்லை, 90. அப்போது 90ஐ 165ஆல் வகுக்க 0.545. பத்தில் ஐந்தரை நாள் போதுமாக இருக்கவேண்டும். அவர் இனிமேல் சந்திக்கு அப்பால் இருக்கும் மற்றக் கடைக்கே போய்விடுவார் என்று பயந்தால் அந்த எண் இன்னும் ஏறும். ஆனால் அந்தப் பயத்துக்கு எத்தனை ரூபா போடுவது என்பதை எந்தக் கணக்கும் சொல்லித் தராது. உங்கள் கடை, உங்கள் அயல், நீங்கள்தான் போடவேண்டும்.

அந்த 0.4ஐ எத்தனை பாண் என்று மாற்றுவதற்கு 20 நாட்களின் கேள்வித் தொகை, அதாவது ஒவ்வொரு நாளும் சனம் எத்தனை பாண் கேட்டது என்ற எண், தேவை. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 0.4 என்றால் எட்டாவது எண், 0.545 என்றால் பதினோராவது. அவ்வளவுதான். இங்கே எல்லாரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. 200 பாண் போட்டு 200உம் முடிந்த நாளில் கேள்வி 200 என்று எழுதிவிடுவார்கள். அன்றைக்குச் சனம் 230 பாண் கேட்டிருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. விற்றது வேறு, கேட்டது வேறு. பாண் முடிந்த பிறகு வெறுங்கையோடு போகிற ஒவ்வொருவருக்கும் மேசையில் இருப்பவர் ஒரு கோடு போடவேண்டும். கோடு போடாமல் மூன்று மாதக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தாலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், எல்லா நாளையும் ஒன்றாகக் கலக்கவேண்டாம். வெள்ளிக்கிழமை மீன் பணிஸ் போகாது, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் முட்டை போட்டது, மீன் போட்டது எல்லாம் தனிக்கதை. அந்த நாட்களைத் தனியாக எழுதுங்கள்.

மூன்றாவது, மா. ஒரு நாளைக்கு 4 மூட்டை என்று எழுதியிருந்தீர்கள். முகவரிடம் சொன்னால் லொறி வர மூன்று நாள், சில வேளை ஐந்து ஆறு நாள் என்றீர்கள். ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை எடுப்பது என்பதற்கு 1913இல் ஃபோர்ட் ஹரிஸ் என்பவர் எழுதிய ஒரு சூத்திரம் இருக்கிறது. எடுக்கும் செலவையும் வைத்திருக்கும் செலவையும் சமன் செய்வது. அதை நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அதில் துல்லியம் முக்கியமே இல்லை. சரியான அளவைவிட ஒன்றரை மடங்கு எடுத்தாலும் அந்த இரண்டு செலவும் சேர்ந்து 8 வீதம் அளவில்தான் கூடும். லொறியில் வசதியாக வருகிற அளவை எடுங்கள், போதும். உங்கள் தலையிடி எத்தனை எடுப்பது என்பதில் இல்லை, எப்போது சொல்வது என்பதில்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மூன்று நாளைக்கு 12 மூட்டை போகும், ஆகவே 12 மூட்டை இருக்கும்போது சொன்னால் சராசரி நாளில் சரியாக வந்துசேரும். சராசரி நாள்தான் வருவதில்லையே. உங்கள் பாவனை நாளுக்கு ஒரு மூட்டை அளவில் கூடிக் குறைகிறது, லொறி ஒன்றரை நாள் அளவில் பிந்தி முந்துகிறது என்று எடுத்துக்கொள்வோம். நூற்றில் 95 தடவை மா முடியாமல் இருக்க மேலதிகமாக 10 மூட்டை வேண்டும் என்று வருகிறது, அதாவது 22 மூட்டை இருக்கும்போதே சொல்லவேண்டும். லொறி மட்டும் தவறாமல் மூன்றாம் நாள் வந்தால் அந்த 10 வெறும் 3 ஆகிவிடும். உங்கள் களஞ்சியத்தில் அடுக்கியிருப்பதில் ஏழு மூட்டை லொறியின் நிச்சயமின்மைக்காகவே கிடக்கிறது. விலையில் ஐந்து பத்து ரூபா குறைத்துக் கேட்டு முகவரோடு மல்லுக்கட்டுவதைவிட, கிழமையில் இன்ன நாள் கட்டாயம் வரும் என்று ஒரு வாக்கு வாங்குவது பெறுமதி. 95 வீதக் கணக்கு, லொறி முந்துவதும் பிந்துவதும் இரண்டு பக்கமும் சமமாக, கோயில் மணியின் வடிவத்தில், பரந்திருக்கிறது என்று நம்பிப் போட்டது. உண்மையில் லொறி முந்தி வருவது கொஞ்சம், பிந்தி வருவது நிறைய. ஆகவே 10ஐ ஆகக் குறைந்த அளவாக எடுங்கள். மாரியில், கார்த்திகை மார்கழி ஈரத்தில், கூட வைத்தால் வண்டும் கட்டியும் வரும் என்பதையும் மறக்கவேண்டாம்.

உங்கள் அப்பா 60 மூட்டைக்குக் குறைய வைக்கவிடமாட்டார் என்று பகிடியாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. 2006 ஆகஸ்ட்டில், யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைப்பாதையான ஏ9 முகமாலையில் பூட்டப்பட்ட பிறகு, சாமான்களுக்குக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை அவர். நான் மேலே போட்ட கணக்கு லொறி பிந்துவதைப் பற்றியது, பாதை இல்லாமல் போவதைப் பற்றியது இல்லை. அப்படியான ஒன்றுக்கு 22 மூட்டையும் காணாது, 60உம் காணாது. அதே நேரம், எல்லாரும் பயத்தில் கூட வாங்கத் தொடங்கினால் அந்தப் பயமே தட்டுப்பாட்டை உண்டாக்கும் என்பதை 2022இல் எரிபொருளில் பார்த்தோம். அரைத் தாங்கி இருந்தவரும் வரிசையில் வந்து நின்றார். கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனபின் வரிசை குறைந்ததற்கு, எரிபொருள் கொஞ்சம் வரத் தொடங்கியதும் காரணம், அடுத்த கிழமையும் என் பங்கு இருக்கும் என்ற நிச்சயமும் காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். அப்பாவோடு 22க்கும் 60க்கும் இடையில் ஓர் எண்ணுக்கு வந்துவிடுங்கள், அந்த மேலதிகத்தை மன நிம்மதிக்குக் கொடுக்கிற வாடகையாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்தக் கிழமை ஆள் எடுக்கவேண்டாம். ஒரு கொப்பியில் பத்து நிமிடத்துக்கொரு தடவை வரிசையில் நிற்பவர்களின் தொகை, பாண் இறங்கிய நேரம், முடிந்த நேரம், வெறுங்கையோடு போனவர்களுக்குக் கோடு, மாவுக்குச் சொன்ன நாள், வந்த நாள், இவ்வளவையும் மூன்று கிழமைக்கு எழுதுங்கள். இரண்டாவது கிழமையில் அந்த அரை மணிக்கு மட்டும் சுற்றிக் கொடுக்க ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள், முதல் கிழமையோடு ஒப்பிட அது உதவும். 5 மணிக் கூட்டம் என்று நான் ஊகித்தது பிழை என்று கொப்பி காட்டினால், காசு மேசை பற்றிய என் யோசனையில் பாதியை விட்டுவிட்டுத் திரும்பவும் கேளுங்கள். எண்களோடு வந்தால் பார்த்துச் சொல்கிறேன்.